ஐஸ் பெட்டிக்குள் தண்டங்கீரை

அந்த வருஷம் பங்குனியிலேயே வெயில் கொளுத்தியது. எனக்கு அப்போது பதினொரு வயது. அம்மா பகல் முழுதும் அண்டி ஆபீசில் முந்திரிக்கொட்டை உடைத்துவிட்டு வந்து, பொழுது சாய்வதற்குள் குளத்தங்கரைப் பாத்தியில் தண்டங்கீரை பறிப்பாள். விடிந்ததும் முதல் பஸ்ஸில் தக்கலைக்குக் கொண்டுபோய், ஒரு பெண்கள் விடுதியின் சமையலறையில் கொடுத்துவிட்டு வேலைக்குப் போவாள். சாயங்காலம் விறைப்பாக நின்ற கீரை, எங்கள் தகரக் கூரையின் புழுக்கத்தில் காலைக்குள் துவண்டு மஞ்சளடித்துவிடும்.

ஒரு சனிக்கிழமை நானும் கூடப் போனேன். சமையல்கார அக்கா ஒரு கட்டைத் தூக்கி அம்மாவின் முகத்துக்கு நேரே காட்டினாள். அது ஈரத்துணி மாதிரித் தொங்கியது.

“இதைப் பிள்ளைகளுக்கு வச்சுக் குடுக்க முடியுமா? இன்னும் ஒரு வாரம் பாக்கேன். பொறவு வேற ஆளாக்கும், கேட்டியா?”

கீரையை நான் வாடவிடப் போவதில்லை என்று அங்கேயே முடிவு செய்துகொண்டேன்.

அப்பா இனயம் கடற்கரையிலிருந்து மீன் ஏற்றும் வண்டி ஓட்டினார். ஞாயிற்றுக்கிழமை, பள்ளிக்கூடப் பரிசோதனைக்கு என்று பொய் சொல்லி அவரிடம் ஐஸும் ஒரு பழைய தெர்மோகோல் பெட்டியும் வாங்கினேன். மீனுக்கு அவர் செய்வதுபோலவே ஐஸை உடைத்து, உப்புத் தூவி, கீரையை உள்ளே புதைத்து மூடினேன். மீன் கெடாதபோது கீரை எப்படிக் கெடும்?

காலையில் திறந்தால் இலைகள் கண்ணாடித் துண்டுகளாக விறைத்திருந்தன. வெளியே எடுத்ததும் கறுத்துக் கொழகொழத்தன. மீன் வாடை வேறு.

“ஏட்டி, என்ன செஞ்சு வச்சிருக்க?”

அடி விழும் என்று கதவுக்குப் பின்னால் நின்றேன். விழவில்லை. அம்மா ஒவ்வொரு கட்டாக எடுத்து வெளியே போட்டாள். ஐஸ் எட்டாமல் மேலே கிடந்த இரண்டு கட்டுகள் மட்டும் அப்போதுதான் பறித்ததுபோல இருந்தன. ஒரு தண்டை ஒடித்துப் பார்த்தாள்.

“ஐஸ் தொடப்பிடாது மக்களே. குளிர்ச்சி மட்டும் போரும்.”

அன்று அந்த இரண்டு கட்டுகளோடுதான் போனாள். சாயங்காலம் இருவரும் பெட்டியைப் புளித்தண்ணீரில் மூன்று தடவை கழுவினோம். குளிரைக் கூட்டும் உப்பு வேண்டாம் என்றோம். அடியில் அப்பா தினமும் கொண்டுவந்த கொஞ்சம் ஐஸ், மேலே பலகை, பலகைமேல் நனைத்த சாக்கு. மறுநாள் அடி இலைகளில் கரும்புள்ளி விழுந்திருந்தது. பலகைக்குக் கீழே செங்கல் வைத்து உயர்த்தினோம். அதற்கடுத்த நாள் நடுக்கட்டுகள் வெந்ததுபோல இருந்தன. பறித்த சூட்டோடு மூடியதுதான் தப்பு என்று அம்மா சொன்னாள். அன்று, புதன்கிழமை சாயங்காலம், சூடு தணியும்வரை கீரையைக் கிணற்றடி நிழலில் பரப்பி வைத்துவிட்டு அடுக்கினோம்.

வியாழக்கிழமை பள்ளிக்கு மட்டம் போட்டுவிட்டு நானும் போனேன். சமையல்கார அக்கா தண்டை ஒடித்தாள். டப்பென்று ஒடிந்தது.

“இன்னைக்குப் பறிச்சதா?”

“இல்லக்கா, நேத்து சாயந்தரம் பறிச்சதாக்கும்.”

அவள் கட்டை முகர்ந்து பார்த்தாள். “அப்போ பக்கத்து விடுதிக்கும் நீயே கொண்டு வா.”

திரும்பும்போது பஸ்ஸில் அம்மா என் கையை விடவே இல்லை. அடுத்த மாதம் அண்டி ஆபீசிலிருந்து நின்றுகொண்டாள். எப்போதாவது முந்தானையில் முடிந்து வரும் உடைந்த முந்திரிப்பருப்பு இனி வராது என்று நான் இரண்டு நாள் அழுதேன். முந்திரிக்கொட்டைப் பால் பட்டுக் கறுத்துப் பொத்துப்போயிருந்த அவள் விரல்களில் புதுத்தோல் வந்துகொண்டிருந்ததை அப்போது நான் பார்க்கவே இல்லை.