குருவுக்கு ஒரு கடலை மாலை

ராத்திரி கொண்டைக்கடலை ஊறவைத்த பாத்திரத்தைக் காலையில் திறந்தேன். அந்தப் பச்சை வாசனை என்னைப் போடியில் இருந்த எங்கள் வீட்டுக்கே கொண்டுபோய்விட்டது.

அந்த வருடம் மழை பொய்த்து, மலைமேல் எங்கள் ஏலச்செடிகள் காய்ந்துகொண்டிருந்தன. குரு பார்வை சரியில்லை என்று அப்பா முடிவுகட்டிவிட்டார். வியாழன்தோறும் கோயிலில் குருவுக்குச் சாத்த, ஊறின கடலையை ஊசியில் கோத்து மாலை கட்டுவார். அறிவியல் டீச்சரான அம்மா அந்த ஊசியைத் தொடவே மாட்டாள்.

ஒருநாள் பத்திரிகை படித்துக்கொண்டிருந்த அம்மா சொன்னாள்: "இங்க பாருங்க. வியாழன் இழுக்கிற இழுப்புல பூமி சுத்துற பாதையே கொஞ்சங் கொஞ்சமா மாறுதாம். அதனாலயும்தான் பனியுகம் வந்து வந்து போகுதுன்னு எழுதியிருக்காக."

அப்பா துள்ளி எழுந்தார். மடியிலிருந்த கடலை தரையெங்கும் உருண்டது. "அப்ப குருதான எல்லாத்தையும் ஆட்டி வைக்கிறாரு? நான் சொன்னா மட்டும் கேலி பேசுற!"

"அது லட்சக்கணக்கான வருசத்துல நடக்கிறதுங்க. நம்ம தோட்டத்துக்கு இல்ல."

"இருக்கட்டும். அந்த லட்சத்துல இந்த வருசமும் ஒண்ணுதான?"

அம்மா சிரித்துவிட்டாள். கடலையைப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டு, இன்னொரு ஊசியை எடுத்தாள். "இத்தன காலமா இழுக்கிறாரு, பாவம். ஒரு மாலை போட்டா என்ன கொறஞ்சிரும்?"

மழை எப்போது பெய்தது என்பது நினைவில் இல்லை. ஒரே நூலின் இரண்டு முனையிலிருந்தும் இருவரும் கோத்துக்கொண்டே வந்ததுதான் நினைவிருக்கிறது.

இன்று வியாழக்கிழமைகூட இல்லை. ஆனாலும் குக்கரில் போடுமுன் ஒரு கடலையில் ஊசியைக் குத்திப் பார்த்தேன். மாலைக்கு ஏற்ற பதமாக ஊறியிருந்தது.