மூச்சு வாங்கும் இடத்தில் மழை

என் நோயை முதலில் கண்டுபிடித்தது டாக்டர் இல்லை, ஒரு டேப் ரெக்கார்டர்!

தொண்ணூறுகளின் கடைசியில், இலங்கை மலையகத்தில், கொஸ்லந்தைப் பக்கம் எங்கள் லயத்துக் காம்பராவில் (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு அறையில்), நானும் தம்பி ஸ்டீபனும் ஒரு கசெட் போடத் துணிந்தோம். தேயிலைக் கொழுந்தெடுக்கும்போது பாடுகிற பாட்டுகள், தாலாட்டுகள். கூட அவனுடைய கிட்டார் மட்டும். கேட்கிறவர்களுக்கு மலையில் பனி இறங்குகிற மாதிரி இருக்கவேண்டும் என்பான். நானோ எதையும் வேகமாகப் பாடித் தள்ளுகிறவள்.

பதிந்ததைப் போட்டுக் கேட்டால், ஒவ்வொரு வரி முடிவிலும் ஒரு விசில். ஸ்டீபன் பண்டாரவளையில் ரேடியோ திருத்துகிறவன். கசெட்டை மாற்றினான், ரெக்கார்டர் ஹெட்டைத் துடைத்தான், மைக்கைத் திட்டினான். கடைசியில், பாடாமல் மூச்சை மட்டும் இழுக்கச் சொன்னான். விசில் என் தொண்டையில்தான் இருந்தது.

பதுளை ஆஸ்பத்திரியில் விஷயம் தெரிந்தது. தைராய்டு (கழுத்தின் முன்பக்கச் சுரப்பி) உள்பக்கமாக வீங்கி மூச்சுக்குழாயை அழுத்துகிறது. கழுத்து தடித்ததைப் பார்த்து, உடம்பு பூசியிருக்கிறது என்று நான் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன்! புற்று இல்லை, ஆனால் வெட்டத்தான் வேண்டும். குரல்நாண்களை (குரல் எழுப்பும் மடிப்புகளை) அசைக்கும் நரம்பு அந்தச் சுரப்பியை ஒட்டியே ஓடுகிறதாம்.

திரும்பப் பாடுவேனா என்று கேட்டேன். டாக்டர் யாழ்ப்பாணத்துக்காரர், பூசி மெழுகவில்லை.

"கதைக்கலாம் பிள்ளை. பாடுறதைப் பற்றி இப்ப சொல்லேலாது. முதல்ல மூச்சு வேணும்."

எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. பாட்டில்லாத மூச்சு எதற்கு என்று வீட்டில் கத்தினேன். பிறகு பயந்துகொண்டே கையெழுத்துப் போட்டேன்.

சத்திரசிகிச்சைக்குப் பின் வாயைத் திறந்தால் காற்றுதான் வந்தது. மாதங்கள் போயின. ஸ்டீபன் கசெட் பேச்சையே எடுக்கவில்லை. பின்னேரங்களில் சும்மா கிட்டார் வாசிப்பான். ஒருநாள் நல்ல மழை. என்னை அறியாமல் கூடவே முனகினேன். குரல் வந்தது! பழைய குரல் இல்லை, தாழ்ந்த, புதுக் குரல்.

"அக்கா, நிப்பாட்டாதீங்க. இப்பிடியே மெதுவா பாடுங்க."

என் புதுக் குரலுக்கு ஏற்ப அவசரமாகத் தந்திகளின் சுருதியை இறக்கினான். டேப்பை ஓடவிட்டான். மழைச் சத்தம் விழும் என்று நிறுத்தக்கூட எங்களுக்குத் தோன்றவில்லை.

திரும்பப் போட்டுக் கேட்டோம். முதல் வரி முடிந்தது. விசிலுக்காகக் காத்திருந்தேன். வரவில்லை. அந்த இடத்தில் தகரக் கூரையில் மழை பெய்தது. உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது எனக்கு. ஸ்டீபன் கேட்ட பனி இறங்கிவிட்டது.

கழுத்தில் கத்தி வைக்கப் பயந்து நிற்கிறவர்களே, என் பழைய குரல் இன்னும் வரவில்லை. இப்போது வரிக்கு வரி நின்று, ஆற அமர மூச்சு வாங்குகிறேன். பக்கத்து லயத்தில் பிள்ளைகளைத் தூங்கவைக்க அந்தக் கசெட்டை வாங்கிப் போகிறார்கள். நான் மூச்சு வாங்குகிற இடத்தில்தான் பிள்ளைகள் கண் மூடுகிறார்களாம்.