ஓலை வாசித்த ஞாயிறு

தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் வழியில், எங்கள் ஊரில், கருங்கல்லில் கட்டிய பழைய கட்டிடம் ஒன்று உண்டு. வார நாட்களில் அது பள்ளிக்கூடம், ஞாயிற்றுக்கிழமை தேவாலயம். வெள்ளி மாலை பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டு, கரும்பலகையைச் சுவரோரம் சாய்த்துவிட்டால் ஆராதனைக்குத் தயார். ஒன்றாம் வகுப்பு படித்த எனக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. இரண்டிலும் பேசக் கூடாது. கேள்வி கேட்டால், தெரிந்தவர்கள் எழுந்து நின்று பதில் சொல்ல வேண்டும்.

எங்கள் டீச்சர் என் சித்திதான், அம்மாவின் தங்கை. சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம், பிள்ளைகள் எல்லாரும் போன பிறகு, சித்தி மேஜையில் தலை கவிழ்ந்து அழுதாள். பக்கத்தில் போய் நின்றேன்.

"எனக்கு அந்த மாப்பிள்ளை வேண்டாம்ட்டி."

"தாத்தாட்ட சொல்லு சித்தி."

"சொல்லியாச்சு. யாரு கேக்கா?"

எங்கள் சபையில் கல்யாணத்துக்கு முன்பு மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை இருந்தால் சொல்லலாம் என்பார் போதகர். யாரும் சொல்வதில்லை. அவரும் பதிலுக்குக் காத்திருப்பதில்லை. அந்த வாரம் சித்தியின் பெயரை வாசித்தார். தடை உண்டா என்று கேட்டார். எனக்கு விடை தெரியும். எழுந்து நின்றேன்.

"சித்திக்கு அந்த மாப்பிள்ளை வேண்டாமாம். அழுதா."

அம்மா என் பாவாடையைப் பிடித்து இழுத்தாள். முன் வரிசையில் தாத்தா திரும்பவே இல்லை. போதகர் கண்ணாடியைக் கழற்றினார்.

"அப்படியாம்மா?" என்று சித்தியைக் கேட்டார்.

சித்தி எழுந்தாள்.

"ஆமா ஐயா."

கல்யாணம் நின்றது. மாப்பிள்ளை வீட்டார் ஆலங்குளத்திலிருந்து வந்து சத்தம் போட்டுவிட்டுப் போனார்கள். தாத்தா மாதக்கணக்கில் சித்தியோடு பேசவில்லை. பிறகு அவள் தனக்குப் பிடித்த ஒருவரைக் கட்டிக்கொண்டு செங்கோட்டைக்குப் போனாள். இன்றும் அங்கேதான் இருக்கிறாள்.

அந்த ஞாயிறு வீட்டுக்கு வந்ததும் அம்மா என் முதுகில் நன்றாக வைத்தாள். நான் அழுது முடித்த பிறகு சாப்பாடு போட்டாள். கறிக்குழம்பை ஊற்றிக்கொண்டே, யாருக்கும் கேட்காத குரலில் கேட்டாள்:

"எந்திரிச்சப்ப ஒனக்குப் பயமாவே இல்லியாட்டி?"

"இல்லியே."

கரண்டியைக் கையில் பிடித்தபடி அம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கும் அப்பாவுக்கும் அதே கட்டிடத்தில்தான் ஓலை வாசித்திருக்கிறார்கள். நான், மறுபடி அடிக்கத்தான் போகிறாள் என்று பயந்து, தட்டை இழுத்துக்கொண்டு தள்ளி உட்கார்ந்தேன்.