ஓடினால்தான் கதை

“கதவைத் திறந்து பாத்தா, உள்ள யாரு தெரியுமா?” என்று ஓடிக்கொண்டே கதையை நிறுத்துகிறாள். பின்னால் யாரோ நடக்க ஆரம்பித்துவிட்டார்கள். “நின்னா கதையும் நிக்கும். வாங்கடி.” எல்லாக் கால்களும் மறுபடி ஓடுகின்றன. உள்ளே இருந்தது மாமியார்.

கதை சொல்லும் இவள் பியூட்டி பார்லரில் முடி வெட்டுகிறவள். இருபத்து நான்கு வயது. காலரில் எப்போதும் இரண்டு கிளிப், ஓடும்போதும். கழுத்தில் துணியைக் கட்டியதும் பெண்கள் மனதிலுள்ளதைக் கொட்டிவிடுகிறார்கள். விடிந்ததும் அதைத் தோழிகளுக்குப் பரிமாறுகிறாள். “பேரை மட்டும் கேக்காதீங்க, அது தொழில் தர்மம்.” சமதரையில் கல்யாணப் பேச்சு, ஏற்றத்தில் சண்டை. போனில் கதை கேட்டால் கொட்டாவி விட்டு வைத்துவிடுவாள்.

மாடி வீட்டு அக்கா தங்கையும் ஆடிட்டர் ஆபீஸ் தோழியும் இப்படித்தான் ஓட்டக்காரிகள் ஆனார்கள். இளைக்க வேண்டுமென்று எவளும் வரவில்லை. மாமியார் என்ன ஆனாள் என்று வந்தார்கள்.

ஆடிட்டர் ஆபீஸ்காரி மட்டும் தண்ணீர்த் தொட்டி மேட்டில் பாதியிலேயே ஒரு கல்லில் உட்கார்ந்துவிடுவாள். இன்று மேட்டடியிலேயே நின்றாள்.

“என்னை விட்டுடுங்கடி. முட்டி வலி. என்னால உங்களுக்கும் தொல்லை. நாளைலேர்ந்து நான் வரல.”

பார்லர்காரி அவளையே பார்த்தாள். பிறகு சொன்னாள்: “பார்லருக்கு எதிர் ஆஸ்பத்திரில எக்ஸ்ரே எடுக்கறவரு, என்னைக் கட்டிக்கிறியான்னு கேட்டாரு.”

மூவரும் வீறிட்டார்கள். ஊர்க்கதையெல்லாம் சொல்கிறவள் தன் கதையில் ஒரு வரிகூட இதுவரை சொன்னதில்லை.

“நீ என்னடி சொன்ன?”

“மேல வா, சொல்றேன்.” ஓட ஆரம்பித்துவிட்டாள்.

“அடிப்பாவி! உள்ள இருக்கறதெல்லாம் பாக்கற ஆளுடி அவரு!” ஆடிட்டர் ஆபீஸ்காரி துரத்தினாள். கல் வந்தது, போனது. அவள் கவனிக்கவே இல்லை.

“சரின்னியா?”

“மூச்சை வீணாக்காத.”

“மாட்டேன்னியா?”

“முட்டி வலிக்குதுன்னியே?”

“முட்டி கெடக்கு, சொல்லித் தொலைடி!”

அக்கா தங்கை சிரித்துச் சிரித்தே பின்தங்கினார்கள்.

தொட்டிச் சுவரை முதலில் தொட்டது ஆடிட்டர் ஆபீஸ்காரிதான். தொட்ட பிறகுதான் எங்கே நிற்கிறோம் என்று குனிந்து பார்த்தாள். கீழே தெருக்கள் முழுவதும் தெரிந்தன. பார்லர்காரி வந்து, தோழியின் வியர்த்த காதில் மட்டும் சொன்னாள்: “சரின்னுட்டேன்.”

தோழி துள்ளிக் குதித்தாள். மேலே வந்துகொண்டிருந்த இருவரும், “எங்களுக்கு? எங்களுக்கு?” என்று கூவினார்கள்.

பார்லர்காரி தோழியின் உதட்டில் விரல் வைத்தாள். தோளைப் பிடித்து இறக்கத்தின் பக்கம் திருப்பி, முதுகில் ஒரு தட்டுத் தட்டி, “கதை இப்ப இவகிட்ட, புடிங்கடி!” என்று அவளை முன்னால் ஓடவிட்டாள்.