தெய்வானை கேட்ட தண்ணீர்

செவ்வாய்க்கிழமை காலை போர்ட் லூயிஸ் அலுவலகத்தில் தொலைபேசி அடித்தபோது நான் யாரையோ திட்டிக்கொண்டிருந்தேன். எனக்கு மூக்கின் மேல் கோபம், தெரிந்தவர்களுக்குத் தெரியும். எடுத்தால், தெய்வானை அவர்களின் தம்பி. "அண்ணே" என்று தமிழில் தொடங்கினார். மிச்சத்துக்குத் தமிழ் வரவில்லை. "அக்கா இன் ஆலே" என்றார். மொரிஷியஸின் கிரியோல் மொழியில் 'போய்விட்டார்' என்று பொருள். எங்கே என்று கேட்க வாயெடுத்துவிட்டேன். இரண்டு மாதமாகப் படுக்கையில் இருந்தவர் எங்கே போவார்? பிறகுதான் உறைத்தது.

அவரை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். தெய்வானை அவர்கள் ரிவியேர் தே ஸாங்கீய் சந்தையில் காய்கறி விற்ற குடும்பத்தில் பிறந்தவர். கரும்புத் தோட்டங்களுக்குக் கப்பலேறி வந்தவர்களின் வழிவந்தவர். முனைவர் பட்ட ஆய்வுக்கு உதவித்தொகை பெற்று, வறட்சிக் காப்பீட்டை ஆய்வுப் பொருளாக எடுத்துக்கொண்டார். மழை பொய்த்தால் சிறு கரும்பு விவசாயிக்குப் பயிருக்கு மட்டும் இழப்பீடு போதுமா, வீட்டுத் தண்ணீருக்கும் சேர்த்துத் தர வேண்டாமா என்பதுதான் அவருடைய கேள்வி. 'ரிவியேர்' என்றால் ஆறு. "ஊர் பேர்ல ஆறு, எனக்கு மட்டும் வறட்சி" என்று சிரிப்பார்.

அதே உதவித்தொகையில் தமிழ்நாட்டிலிருந்து வந்தவன் நான். சேன் பியேர் என்ற ஊரில் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்தேன். வீடு வீடாகக் கேட்பது அவர் வேலை. மழைக் கணக்கும் அட்டவணைகளும் என் வேலை. மொரிஷியஸ் தமிழரிடம் தமிழிலேயே பேசிச் சமாளித்துவிடலாம் என்று பெருமையாக வந்திறங்கியவன். முதல் நாள் ஒரு கடையில் சோப்பு கேட்டேன். கடைக்காரர் "பெனா" என்றார். எழுதிக்கொள்ளக் கேட்கிறார் என்று என் பேனாவை நீட்டினேன். மறுபடியும் "பெனா" என்றார். கொடுத்த பிறகும் கேட்கிறானே என்று எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. பக்கத்தில் நின்ற தெய்வானை அவர்கள் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

"பெனா, இல்லே. எனா, இருக்கு. இந்த ரெண்டு வார்த்தை போதும், அண்ணே."

அவருக்குத் தெரிந்த தமிழ், கோயிலிலும் பள்ளிக்கூடத்திலும் கிடைத்த தமிழ். அதை வைத்துக்கொண்டு என்னை இரண்டு ஆண்டு கட்டி மேய்த்தார்.

வறட்சி மாதங்களில் மேற்குக் கரை ஊர்களுக்குப் போனோம். இளம்பெண்கள் விடியும்போதே வேன் ஏறித் துணித் தொழிற்சாலைகளுக்குப் போய்விடுவார்கள். கடலோர ஓட்டல்களில் புல்தரைக்குத் தண்ணீர் பீய்ச்சிக்கொண்டிருப்பார்கள். ஊர்க் குழாயில் காற்றுதான் வரும். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் தெய்வானை அவர்கள் முதல் கேள்வியைக் கேட்பார்: "எனா திலோ?" தண்ணீர் இருக்கிறதா? "எனா" என்று பதில் வரும். கூடவே ஒரு தம்ளர் தண்ணீரும் வரும். குடித்துவிட்டு, படிவத்தில் 'இருக்கிறது' என்று குறிப்போம். "ஒருத்தர்கூட என் பேனாவைக் கேட்கலையே" என்று நான் கேலி செய்தேன். அட்டவணை போட்டுப் பார்த்தால் தண்ணீர்ப் பஞ்சம் என்பதே அங்கில்லை. காப்பீட்டுக்காரர்களுக்குப் பரம திருப்தி. வீட்டுத் தண்ணீருக்கு இழப்பீடு தேவைப்படாது என்று பேசத் தொடங்கிவிட்டார்கள்.

கடைசி ஊரில் ஒரு நடுத்தர வயதுப் பெண், வழக்கம்போல் "எனா" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். தகர டிரம் உரசும் சத்தம் கேட்டது. தெய்வானை அவர்கள் எட்டிப் பார்த்தார். அந்த அம்மா டிரம்மைச் சாய்த்துப் பிடித்து, அடியில் குவளையால் சுரண்டிக்கொண்டிருந்தார். 'இருக்கிறது' என்று ஏன் சொன்னீர்கள் என்று இவர் கேட்க, அந்த அம்மாவுக்குக் கேள்வியே புரியவில்லை.

"மாம்ஸெல், உ திமான் திலோ. கி மான்யேர் மோ தீர் பெனா?"

நீங்கள் தண்ணீர் கேட்டீர்கள், இல்லை என்று எப்படிச் சொல்வேன் என்றார். வாசலில் நின்று "எனா திலோ?" என்றால், தாகத்துக்குத் தண்ணீர் கேட்பதாகத்தான் அந்த ஊரில் அர்த்தம். அத்தனை வீட்டிலும் எங்களை ஆய்வாளர்களாக நினைக்கவில்லை; தாகமெடுத்து வந்தவர்களாக நினைத்து, இருந்ததைக் கொடுத்திருக்கிறார்கள். தண்ணீர் கேட்டவருக்கு இல்லை என்று சொல்லக் கூடாது என்று சொல்லித்தானே என்னையும் வளர்த்தார்கள்? என் மரமண்டைக்கு உறைக்கவில்லை.

திரும்பும் பேருந்தில் சண்டை வந்தது. உதவித்தொகை முடிய நான்கு மாதந்தான் இருந்தது. அடிக்குறிப்பு ஒன்று போட்டுவிட்டு அவரவர் ஆய்வேட்டைக் கொடுத்துவிடலாம் என்றேன். மக்கள் பொய் சொன்னால் நாம் என்ன செய்வது என்றுகூடக் கத்தினேன். அவர் கத்தவில்லை.

"அவங்க பொய் இல்லே, அண்ணே. என் கேள்விதான் பொய்."

இரண்டு அட்டைப்பெட்டிப் படிவங்களையும் ஒதுக்கிவிட்டு முதலிலிருந்து தொடங்கினார். இம்முறை தோளில் தண்ணீர்ப் புட்டி, கையில் மூங்கில் அளவுகோல். வாசலிலேயே புட்டியைக் காட்டி, குடித்துவிட்டேன் என்று முதலில் சொல்வார். பிறகுதான் டிரம்மைப் பார்க்கலாமா என்று கேட்பார். உதவித்தொகை நின்றது. குளிரே தெரியாத இந்தத் தீவில், ஐரோப்பாவுக்குப் போகும் கம்பளிச் சட்டைகளைச் சரிபார்க்கும் வேலைக்குத் தொழிற்சாலையில் சேர்ந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் டிரம் அளக்கப் போனார். அந்த ஊர்களில் அவருக்கு 'மாம்ஸெல் திலோ' என்று பெயரே வைத்துவிட்டார்கள், தண்ணீர்க்காரம்மா என்பது போல. ஆய்வை முடித்தபோது கெடு கடந்திருந்தது. பட்டம், கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. ஆனால் அவர் அளந்தெழுதிய காகிதக் கட்டுகளைக் காப்பீட்டுக்காரர்கள் படித்த பிறகு காப்பீட்டுப் படிவம் மாறியது. இன்று வீட்டுத் தண்ணீருக்கும் இழப்பீடு உண்டு. அதிகாரி வாயால் கேட்கக் கூடாது, டிரம்மைப் பார்க்க வேண்டும் என்று விதி. விதியில் அவர் பெயர் கிடையாது.

நானோ முதல் அட்டவணையோடு, பொடி எழுத்தில் ஓர் அடிக்குறிப்பும் சேர்த்து, நாள் தவறாமல் ஆய்வேட்டைக் கொடுத்தேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தவனுக்கு டாக்டர் பட்டம் கிடைத்தது. தேர்வாளர் அடிக்குறிப்பைப் படித்ததாகவே தெரியவில்லை. புத்தகமாக அச்சுக்குப் போகுமுன் அட்டவணையை எடுத்துவிடுவதாகத் தெய்வானை அவர்களிடம் சொல்லியிருந்தேன். எடுத்தால் ஆய்வேடே சரிந்துவிடும். எடுக்கவில்லை.

மூன்று வாரத்துக்கு முன் அவரைப் பார்க்கப் போனேன். குச்சியாக இளைத்திருந்தார். மழை வந்ததா என்று கேட்டார். பிறகு, "அண்ணே, உங்க புத்தகத்தில அந்த டேபிள் இன்னும் எனா?" என்றார்.

"பெனா" என்றேன்.

அவர் முகம் தெளிந்ததைப் பார்த்தேன். "பொன், அண்ணே" என்று என் கையைத் தட்டினார். நல்லது என்று பொருள்.

இறுதிச் சடங்குக்கு மேற்குக் கரையிலிருந்து ஒரு பேருந்து நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள். தேவாரம் பாடி முடித்ததும் அவருடைய தாயார் என்னைத் தேடி வந்து, இவ்வளவு தூரம் வெயிலில் வந்திருக்கிறாயே என்று ஒரு தம்ளர் தண்ணீரை நீட்டினார். நான் கேட்கவேயில்லை. வாங்கிக்கொண்டேனே தவிர, குடிக்கவில்லை. வற்றிய டிரம்மை வைத்துக்கொண்டு அந்த ஊர்க்காரர்கள் இரக்கத்தால் 'இருக்கிறது' என்றார்கள். இருப்பதை வைத்துக்கொண்டு நான் வெட்கத்தால் 'இல்லை' என்றேன்.

பல்கலைக்கழகத்துக்குக் கடிதம் எழுதிவிட்டேன், தெய்வானை. பட்டத்தை என்ன செய்வதென்று அவர்கள் முடிவு செய்யட்டும். உங்களுக்குச் சொல்ல வேண்டியதை இங்கே சொல்கிறேன். நீங்கள் கேட்ட கேள்வி பொய் இல்லை, என் பதில்தான் பொய். அந்த அட்டவணை என் புத்தகத்தில் இன்னும் இருக்கிறது. எனா, தெய்வானை. எனா. போய் வாருங்கள்.