பூட்ஸுக்குக் காவல்

எங்கள் ஊரில் நவம்பர் கடைசியில் சூரியன் போனால் ஜனவரி பாதியில்தான் திரும்பி வரும். வந்தாலும் ஏதோ பெரிய உபகாரம் செய்வதுபோலக் குன்றின் முதுகில் மூக்கை மட்டும் காட்டிவிட்டு மறுபடி படுத்துக்கொள்ளும். அதற்கே ஊர் முழுக்கக் குன்றேறிப் போய் நின்று பல்லைக் காட்டும். கோலா வளைகுடாக் கரையில் இருக்கிற இந்த மீன் துறைமுகத்தில் ஒரு பிள்ளையைப் பெற்றுப்போட்டால் அதன் எலும்பு எதை நம்பி இறுகும்? மீன் ஈரல் எண்ணெயையும் வெயிலுக்குப் பதிலாக உடம்பில் காட்டுகிற குவார்ட்ஸ் விளக்கையும் நம்பித்தான். அந்த இரண்டும் எங்கள் குழந்தைகள் காப்பகத்தில் ஒரே ஒருத்தி கையில் இருந்தன. அவள்தான் ரிம்மா.

ரிம்மாவும் நானும் ஒரே வீட்டில் குடியிருந்தோம். நான்கு குடும்பத்துக்கு ஒரு சமையலறை, ஒரு கழிப்பறை, வாசலில் உட்கார்ந்து பூட்ஸ் கழற்ற ஒரு பெஞ்சு. அவள் அடுப்புக்குப் பக்கத்து அடுப்பு என்னுடையது. ஒருத்தி பொரிக்கிற மீனின் வாசனையை முப்பது வருஷத்துக்கும் மேலாக மோந்தவளுக்கு அவளைப் பற்றிப் பேச உரிமை உண்டு. யாராவது இல்லை என்றால் அவர்களும் வந்து மோந்து பார்க்கட்டும்.

உலக யுத்தம் முடிந்த கையோடு வந்தவள் அவள். வெள்ளை அங்கியில் ஒரு சுருக்கம் இருக்காது. குரலை உயர்த்த மாட்டாள். காப்பகத்தின் விளக்கு அறைக்கு வெளியே பிள்ளைகள் கம்பளி பூட்ஸைக் கழற்றிவிட்டு, வெறும் ஜட்டியோடு உள்ளே போகும். ஒவ்வொன்றின் கண்ணுக்கும் கறுப்புக் கண்ணாடி கட்டி, தரையில் சாக்கட்டியால் போட்ட வட்டத்தில் நிறுத்துவாள். நடுவில் நீல விளக்கு எரியும். "திரும்பு" என்பாள். அத்தனை முதுகும் திரும்பும். வெளியே வந்ததும் வரிசையில் நிற்கவைத்து ஆளுக்கு ஒரு கரண்டி எண்ணெய், மேலே உப்புத் தடவின கறுப்பு ரொட்டித் துண்டு. விளக்கு சிஸ்டர் என்றுதான் ஊரே அவளைக் கூப்பிட்டது. துறைமுக வாசலில் நல்ல வேலைக்காரர்கள் படம் ஒட்டுகிற பலகையில் அவள் படம் வருஷா வருஷம் இருந்தது.

அவள் புருஷன் யெஃபீம் மீன்பிடிக் கப்பலில் இயந்திரம் பார்த்தான். பிள்ளை இல்லை. கரைக்கு வந்தால் பாதி நாள் இங்கே, பாதி நாள் மீன் வெட்டுகிற கிளாவா வீட்டில். கிளாவாவுக்கு ஒரு பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்யா என்று பெயர். அப்பன் யார் என்று யாரும் கேட்கவில்லை, யெஃபீமின் காது இரண்டும் அப்படியே அதன் தலையில் ஒட்டியிருந்தன.

கிளாவாவுக்கு ஷிப்ட் வேலை. பிள்ளைக்கு ஒரு வயதானதும் வாரக் காப்பகத்தில் விட்டாள், திங்கட்கிழமை விட்டால் சனிக்கிழமைதான் எடுக்க வருவாள். ஊருக்கு ஒரே காப்பகம். அதில் யார் சிஸ்டர் என்று அவளுக்கும் தெரியும். தெரிந்தும் விட்டாள் என்றால், ஒன்று அவளுக்கு வேறு வழியில்லை, இல்லை அவள் முட்டாள். எனக்கு இரண்டாவதில்தான் நம்பிக்கை.

என் மகள் லீதாவும் அங்கேதான் இருந்தாள், ஆஸ்யாவைவிட இரண்டு வயது மூத்தவள். ஒரு ஞாயிற்றுக்கிழமை கஞ்சி குடித்துக்கொண்டே சொன்னாள்.

"அம்மா, ஆஸ்யா விளக்குக்கு வரமாட்டா. வெளிய பெஞ்சுல உக்காந்து எங்க பூட்ஸையெல்லாம் பாத்துக்குவா. வெளிச்சம் ஒத்துக்காது, தோலு செவந்துரும்னு சொல்லி சிஸ்டர்தான் அவளுக்கு அந்த வேல குடுத்திருக்காங்க."

"எண்ணெய் குடிப்பாளா?"

"வாயத் தொறப்பா. சிஸ்டர் கரண்டியக் கிட்ட கொண்டுபோயிட்டு அடுத்த ஆளுக்குக் குடுத்துருவாங்க."

அன்று மாலை சமையலறையில் ரிம்மா மீன் பொரித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன ரிம்மா, கிளாவா பொண்ணுக்கு விளக்கே காட்டுறதில்லயாமே."

"அதுக்கு ஒத்துக்காது. தோலு செவந்துரும்."

"எண்ணெய் குடிச்சாலுமா தோலு செவக்கும்?"

மீனைத் திருப்பிப் போட்டாள். "அவ ஆத்தாகிட்ட என் வீட்டுக்காரன் எத்தன வருஷமா குளிர் காயிறான் பாரு. அந்தச் சூடு மகளுக்கும் போதும்."

நான் சிரித்துவிட்டேன். என் மகளின் கால் நேராகத்தான் இருந்தது, எனக்கு அது போதுமாக இருந்தது.

இரண்டு குளிர்காலம் ஆஸ்யா அந்த பெஞ்சில் உட்கார்ந்தது. எலும்பு இறுகாத பிள்ளைகளுக்கு வருகிற மாதிரி, தலையணை நனைகிற அளவுக்குத் தலை வியர்த்தது. நடக்க ஆரம்பித்தபோது இரண்டு காலும் இடுக்கி மாதிரி வெளிப்பக்கம் வளைந்தன. கிளாவா பயந்துபோய்க் கேட்டாளாம். "வளர வளர நிமிந்துரும், கவலப்படாத" என்று ரிம்மா அவள் தோளைத் தட்டி அனுப்பினாளாம். இதை ரிம்மாவே என்னிடம் சொன்னாள். சொல்லும்போது அவளுக்கு ஒரு சந்தோஷம் இருந்தது, அதை நான் இல்லையென்று சொல்லமாட்டேன்.

பிறகு கிளாவா ஒரு மாலுமியோடு தெற்கே போய்விட்டாள். அங்கே வெயில் அடிக்கிறதாம், வீடு பார்த்ததும் பிள்ளையைக் கூப்பிட்டுக்கொள்கிறாளாம். அந்த வீட்டை இன்னும் பார்த்துக்கொண்டே இருக்கிறாள் போல. யெஃபீம் மூன்று வயது ஆஸ்யாவைத் தோளில் தூக்கிக்கொண்டு எங்கள் வாசலுக்கு வந்து நின்றான்.

"இது என் பொண்ணு. இனிமே இங்கதான் இருக்கும்" என்றான்.

பிள்ளையை இறக்கிவிட்டதும் அது யாரையும் பார்க்காமல், யாரும் சொல்லாமல், நேராக வாசல் பெஞ்சுக்குப் போனது. ஏறி உட்கார்ந்தது. கீழே எங்கள் நான்கு வீட்டு பூட்ஸும் தாறுமாறாகக் கிடந்தன. இறங்கி அவற்றை ஜோடி ஜோடியாக எடுத்து வைக்க ஆரம்பித்தது.

ரிம்மா சமையலறைக்கு வந்து தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழட்டும் என்று நான் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தேன்.

அதற்குப் பிறகு அவள் அந்தப் பிள்ளையை வளர்த்த மாதிரி பெற்றவள் எவளும் வளர்க்கவில்லை. தினம் காலையில் எண்ணெய். காப்பகம் மூடியபிறகு தனியாக விளக்கு. கோடையில் சேமிப்பையெல்லாம் துடைத்து எடுத்துக்கொண்டு கருங்கடல் கரைக்குக் கூட்டிப்போய் வெயிலில் வறுத்து எடுத்து வருவாள். யெஃபீம் கடலோடு போய்ச் சேர்ந்தபோதுகூட அவள் இவ்வளவு கலங்கவில்லை, ஆஸ்யாவுக்குச் சளி பிடித்தால் கலங்குவாள். பள்ளிக்கூடம் முடிக்கிறபோது ஆஸ்யாவின் கால்கள் ஏறக்குறைய நிமிர்ந்துவிட்டன. நீளப் பாவாடை போட்டால் ஒன்றும் தெரியாது. அம்மா, அம்மா என்று அவள் ரிம்மாவின் காலையே சுற்றிவந்தாள். விளக்கு வெளிச்சத்திலேயே இருந்து ரிம்மாவின் கண் கெட்டுப்போயிருந்தது, ஐஸில் நடக்கும்போது ஆஸ்யாதான் கையைப் பிடித்துக்கொள்வாள்.

ஆஸ்யா ரொதியோன் என்கிற கப்பல்காரனைக் கட்டிக்கொண்டாள். வயிற்றில் பிள்ளை வந்தது. ஏழாம் மாதம் ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ரிம்மாவைக் கைபிடித்துக் கூட்டிப்போக நானும் போனேன். ஒரு இளம் டாக்டர் இரும்புக் கவையை ஆஸ்யாவின் இடுப்பில் வைத்து அளந்தாள். மறுபடி அளந்தாள்.

"அளவு ரெண்டுங்கெட்டானா இருக்கு" என்றாள். "சின்ன வயசுல எலும்பு வளைஞ்சிருந்துச்சா? வைட்டமின் டி பத்தாம ரிக்கெட்ஸ் வந்த பொண்ணுங்களுக்கு இடுப்பெலும்பு உள்பக்கம் தட்டையாயிரும். வெளிய தெரியாது. கொழந்த எறங்காது. அப்படின்னா இப்பவே நகரத்துக்கு எழுதிக் குடுத்துருவேன், முன்னாடியே போய்ப் படுத்துக்கணும், ஆபரேஷன் பண்ணி எடுப்பாங்க. இல்லேன்னா இங்கயே பாத்துக்கலாம். யாராச்சும் நிச்சயமாச் சொன்னா நல்லது."

ஆஸ்யா திரும்பி ரிம்மாவின் முகத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன்.

ரிம்மா முகவாயை நிமிர்த்தினாள். "காப்பகத்துல நாந்தான் சிஸ்டர். இவ ஒரு நாள்கூட விளக்கத் தவறவிட்டதில்ல. எண்ணெயும் என் கையாலதான்."

"அப்பச் சரி. சிஸ்டர் வளத்த பிள்ள" என்று டாக்டர் சிரித்தாள். ஆஸ்யா சால்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே போனாள்.

படியில் இறங்கும்போது நான் ரிம்மாவின் கையை அழுத்தினேன்.

"திரும்பிப் போய் சொல்லிட்டு வா."

"என்னத்த?"

"உனக்குத் தெரியும்."

"நான் நிமித்திட்டேன் பொலீனா. எல்லாத்தையும் நிமித்திட்டேன். உனக்குக் கண்ணு இருக்குல்ல, பாரு, எப்படி நடக்குறா."

"டாக்டரு சொன்னது காலப் பத்தி இல்ல."

அவள் நின்றாள். "அவ என்னை அம்மாங்கறா. அது போயிடும். நீ வாய மூடிட்டு வா."

நீயே போய்ச் சொல்லியிருக்கலாமே என்று கேட்பீர்கள். கேளுங்கள்.

பிப்ரவரியில் வலி எடுத்தது. அதே நேரம் பனிப்புயலும் வந்து நகரத்துக்குப் போகிற சாலையை மூடிவிட்டது. பிள்ளை இறங்கவில்லை. ஆஸ்யா கத்தினாள், கத்த முடியாமல் போனதும் முனகினாள். ரிம்மா ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் சுவரைப் பார்த்து நின்றாள். பனி அள்ளுகிற வண்டிக்குப் பின்னாலேயே ஒரு அறுவை மருத்துவர் வந்து சேர்ந்தபோது உள்ளே பிள்ளை செத்துப் போயிருந்தது. ஆண் பிள்ளை. ஆஸ்யாவைக் காப்பாற்ற கர்ப்பப்பையையும் எடுக்க வேண்டியிருந்தது. ரொதியோன் கடலிலிருந்து வந்தான், கொஞ்ச நாள் சும்மா படுத்துக் கிடந்தான், பிறகு வேறு துறைமுகத்தில் வேலை என்று போனவன் போனவன்தான்.

ஆஸ்யா ரிம்மாவோடு அதே அறையில் இருந்தாள். சமைத்தாள், துவைத்தாள், அம்மா என்றே கூப்பிட்டாள். ஒரு கடுஞ்சொல் கிடையாது. அவளுக்கு ஒன்றும் தெரியாது என்று ரிம்மா நம்பினாள். நானும் அப்படித்தான் நினைத்தேன். வருஷங்கள் போனதும் ரிம்மாவுக்குப் பழைய மிடுக்குகூடத் திரும்பி வந்தது.

பிறகு அவள் வாசலில் வழுக்கி விழுந்தாள். தொடை எலும்பு உடைந்தது, சரியாகச் சேரவில்லை. நாற்காலியும் கட்டிலுமே கதி. வீட்டுக்குள்ளேயே கிடந்தால் மிச்ச எலும்பும் உதிர்ந்துவிடும், வெளிச்சத்தில் உட்காரவையுங்கள் என்று டாக்டர்கள் சொன்னார்கள். அந்தக் குளிர்காலம் முழுக்க ரிம்மா சூரியன் திரும்பி வருகிற நாளையே பேசிக்கொண்டிருந்தாள். தெருப் பையன்களிடம் சொல்லி சறுக்குவண்டி ஒன்றும் ஏற்பாடு செய்திருந்தாள்.

அந்த நாள் வந்தது. ஊரே குன்றுக்குக் கிளம்பியது. ரிம்மா விடிந்ததிலிருந்து கோட்டும் தொப்பியும் போட்டுக்கொண்டு தயாராக இருந்தாள். ஆஸ்யா அவளை அக்குளில் தாங்கி வாசல் பெஞ்சுக்குக் கூட்டிவந்து உட்காரவைத்தாள். கழுத்துத் துணியை இறுக்கிக் கட்டிவிட்டாள். பிறகு தன் பூட்ஸை மாட்டிக்கொண்டாள்.

"வண்டி எங்கடி?" என்றாள் ரிம்மா.

"உனக்கு வெளிச்சம் ஒத்துக்காதும்மா. தோலு செவந்துரும்" என்றாள் ஆஸ்யா. குரல் இனிமையாகத்தான் இருந்தது. "நீ இங்க உக்காந்து பூட்ஸையெல்லாம் பாத்துக்க. நாங்க வந்துர்றோம்."

ரிம்மாவின் வாய் திறந்தது. திறந்தபடியே இருந்தது. ஆஸ்யா கதவைச் சாத்திவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

குன்றின் மேலே எல்லோரும் தேநீரும் அப்பமும் வைத்துக்கொண்டு கூச்சல் போட்டார்கள். தெற்கில் ஒரு சிவப்புத் துண்டு எழும்பியது. ஆஸ்யா கண்ணை மூடி முகத்தை அதற்குக் காட்டினாள்.

"அவ்வளவு சின்ன வயசு, ஒண்ணும் ஞாபகம் இருக்காதுன்னு நெனச்சீங்கல்ல அத்தை" என்றாள்.

"டாக்டரு கேட்டப்பவே நீ சொல்லியிருக்கலாமேடி" என்றேன்.

"அந்த டாக்டரம்மா முன்னாடி எங்கம்மாவ நான் காட்டிக் குடுப்பேனா? அம்மாவே சொல்லிருவாங்கன்னு மூஞ்சியையே பாத்துட்டிருந்தேன். அவங்க இல்லேன்னதும், சிஸ்டராச்சே, ஆபத்துன்னா மறைக்க மாட்டாங்கன்னு விட்டுட்டேன்." கண்ணைத் திறக்கவில்லை. "பையன் இருந்திருந்தா இப்ப என் தோளுக்கு வந்திருப்பான்."

சூரியன் உடனே இறங்கிவிட்டது. நாங்கள் வீட்டுக்குத் திரும்பினோம்.

ரிம்மா அந்த பெஞ்சிலேயே, கோட்டும் தொப்பியுமாக உட்கார்ந்திருந்தாள். உடைந்த காலோடு எப்படிக் குனிந்தாளோ தெரியாது, வாசலில் கிடந்த அத்தனை பூட்ஸும் ஜோடி ஜோடியாகச் சுவரோரம் நின்றன. அவள் ஆஸ்யாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"எல்லாம் சரியா இருக்கு" என்றாள்.

ஆஸ்யா தன் பூட்ஸைக் கழற்றினாள். பனியைத் தட்டிவிட்டு அவற்றை ரிம்மாவின் மடியில் வைத்தாள்.