ஏழரை மணித் தொடரும் இஞ்ஞாசியின் கட்சியும்

இஞ்ஞாசி அத்தான் எந்தத் தொடரையும் முழுதாகப் பார்த்தவர் இல்லை. ஆனால் எல்லாத் தொடரைப் பற்றியும் அவருக்குச் சொல்ல ஏதாவது இருந்தது.

அவர் என் அக்கா டெல்பினின் கணவர். தூத்துக்குடி பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்கு வெங்காயமும் செங்கல்லும் ஏற்றிப்போகும் தோணியில் சமையல்காரர். போய், இறக்கி, திரும்பி வர ஒரு மாதம் ஆகும். கரையை விட்டுச் சில மணி நேரத்தில் போனில் சிக்னல் போய்விடும். அதனால் இருவரும் ஒரு ஏற்பாடு வைத்திருந்தார்கள். தினமும் ஏழரை மணித் தொடர் முடிந்ததும் அக்கா அன்றைய கதையை நாலைந்து நிமிடம் பேசி வாட்ஸப்பில் அனுப்பிவிடுவாள். தோணி மாலித் துறைமுகத்தை நெருங்கும்போது அத்தனையும் ஒன்றாகப் போய் விழும். அன்று இரவுச் சாப்பாடு முடிந்ததும் அத்தான் ஒரு வெறும் எவர்சில்வர் போணிக்குள் போனை நிறுத்தி வைப்பார். சத்தம் கூடுதலாகக் கேட்கும். தோணியில் உள்ள எட்டுப் பேரும் சுற்றி உட்கார்ந்து கேட்பார்கள்.

அக்கா கதை சொல்வதிலும் ஒரு தினுசு உண்டு. அவளுக்குப் பிடிக்காத பாத்திரத்துக்குப் பெயர் கிடையாது. "அந்த மூக்குத்திக்காரி இன்னைக்கும் வந்தா, என்னமோ அழுதா, அத விடுங்க" என்று தாண்டிவிடுவாள். அத்தானின் பதில் பெரும்பாலும் அவள் சொன்ன கதையைவிட நீளமாக இருக்கும்.

கரையில் இருக்கும்போதும் அப்படித்தான். டி.வி. முன்னால் பத்து நிமிடம் உட்காருவார். பிறகு எழுந்து தெருவுக்குப் போய், பார்த்த பத்து நிமிடத்தை ஒரு மணி நேரம் பேசுவார். பத்துப் பேரை ஒரு வீட்டில் அடைத்துவைத்துச் சண்டை போட விடும் நிகழ்ச்சி வந்தபோது, "நாங்க எட்டுப் பேரு வருசத்துல எட்டு மாசம் தோணிக்குள்ள அடைஞ்சு கிடக்கோம். எவன் கேமராவத் தூக்கிட்டு வந்தான்?" என்று கேட்டார். சமையல் போட்டியில் நடுவர்கள் ஒரு கரண்டி மட்டும் ருசி பார்ப்பது அவருக்குப் பிடிக்காது. பசித்தவன் சாப்பிட்டுச் சொல்வதுதான் தீர்ப்பு என்பார். சினிமாவில் கடற்கரைக்காரனாக நடிக்கிறவர்களின் கயிற்றை மட்டும் பார்ப்பார். "கயிறு வெள்ளையா இருக்குல. இவன் நேத்துதான் கடைல வாங்கியிருக்கான்." நம் ஊரைக் காட்டினால் அரிவாளையும் சேர்த்துக் காட்டுகிறார்கள் என்ற குறை அவருக்கு இருந்தது. அதே சமயம், அரிவாள் இல்லாத படத்துக்குக் கூப்பிட்டால் அவர் வரமாட்டார்.

கதைகளுக்கு அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றுதான். பிணத்தைக் காட்டாமல் ஒருத்தன் செத்தான் என்று சொன்னால் நம்பக்கூடாது.

அந்தச் சட்டத்தால்தான் அவருக்கும் அக்காவுக்கும் வழக்கு வந்தது. ஏழரை மணித் தொடரில் தேன்மதி என்றொரு பெண். அவள் கணவன் எழிலரசன் படகில் போனான். படகு மட்டும் திரும்பி வந்தது. ஆறு வருடம் கழிந்ததாகக் காட்டினார்கள். தேன்மதிக்கு ஒரு பள்ளி ஆசிரியரோடு மறுமணம் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"வருவாம் பாரு," என்றார் அத்தான்.

"எதுக்கு வாரான்? அவளுக்கு இப்பத்தான் ஒரு நல்லவன் கிடைச்சிருக்கான்."

"பொணம் கிடைச்சிச்சா?"

"கடல்ல போனவனுக்குப் பொணம் எங்க கிடைக்கும்? தோணிக்காரரு கேக்குற கேள்வியா இது?"

"தோணிக்காரன் கேக்கல. கதை தெரிஞ்சவன் கேக்கேன்."

ஒன்றரை வருடம் இது நடந்தது. மாலியிலிருந்தும் நடந்தது. அவர்களுக்குக் கல்யாணமாகி இருபத்தேழு வருடம். அதற்குள் ஒரு தடவைகூட அக்கா அவர் சொன்னது சரி என்று ஒப்புக்கொண்டதில்லை என்பது அத்தானின் புகார். அது உண்மையும்கூட. "ஒருக்காவாது சொல்லேம்ளா" என்பார். "சரியாச் சொல்லுங்க, சொல்லுதேன்" என்பாள். கடைசியில், எழிலரசன் வந்தால் பக்கத்து வீட்டு ஞானசௌந்தரியைச் சாட்சிக்கு வைத்துக்கொண்டு சொல்வதாக வாக்குக் கொடுத்தாள். வராவிட்டால் இனிமேல் கதையைப் பற்றி வாய் திறக்கமாட்டேன் என்று அவர் வாக்குக் கொடுத்தார். அதை யாரும் நம்பவில்லை.

காற்றுக் காலத்தில் தோணிகள் ஓடாது. அத்தான் வீட்டில்தான் இருந்தார். ஆனி மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை காலை மீன் வாங்கி வந்து வைத்துவிட்டு, நெஞ்சு ஒரு மாதிரி இருக்கிறது என்றார். ஆட்டோவில் போகும்போதே முடிந்துவிட்டது. ஐம்பத்து நாலு வயது. தொடருக்கு 'இறுதி வாரங்கள்' என்று முந்தின நாள்தான் போட ஆரம்பித்திருந்தார்கள்.

அடக்கத்துக்குத் தோணிக்காரர்கள் ஏழு பேரும் வந்தார்கள். அதில் ஷாம் என்பவர் உடன்குடிப் பக்கத்துக்காரர், போன வருடம்தான் தோணியில் சேர்ந்தவர். அவர் அக்காவைப் பார்த்ததில்லை. யாருக்கோ தண்ணீர் கொடுக்கச் சொல்லி அக்கா பேசிய குரலைக் கேட்டதும் திரும்பிப் பார்த்தார். "நீங்கதானா அக்கா" என்றார். புறப்படும்போது கொஞ்சம் தயங்கி நின்றார்.

"தப்பா நினைக்காதீங்க அக்கா. எழிலரசன் வந்துட்டானா?"

"இன்னும் வரல தம்பி," என்றாள் அக்கா.

அன்றே டி.வி.மேல் ஒரு போர்வையைப் போட்டார்கள். முப்பதாம் நாள் பூசை முடியும்வரை துக்க வீட்டில் அது ஓடாது. அது அந்த வீட்டுக்கு மட்டும் உள்ள வழக்கம். ஆனால் எங்கள் தெருவில் வீடுகளுக்கு இடையே ஒற்றைச் சுவர்தான். மற்றவர்கள் தாங்களாகவே சத்தத்தைக் குறைத்துக்கொண்டார்கள். சாதாரண நாளில் ஏழரைக்கு அந்தத் தொடரின் பாட்டு தெருவின் ஒரு முனையில் தொடங்கி மறு முனைவரை விடாமல் கேட்கும். இப்போது ஒன்றும் கேட்கவில்லை.

அக்கா ஏழேகாலுக்கே ஜெபமாலையோடு ஞானசௌந்தரி வீட்டுச் சுவரை ஒட்டி உட்கார்ந்துவிடுவாள். முதலில் நான் அதைக் கவனிக்கவில்லை. பத்தாம் நாளோ என்னவோ, என்னைக் கூப்பிட்டாள்.

"இவ ஏம்ல சத்தத்தக் கூட்டமாட்டேங்கா?"

"துக்க வீடு இருக்கேன்னுதான்."

"துக்கம் எனக்கு. அவளுக்கு என்ன?"

"போய்க் கேட்டுட்டு வரட்டா?"

"கேட்டா தெரு முழுக்கப் பேசுவாளுவ. புருசன் போயி பத்து நாளாகல, இவ சீரியல் கேக்கான்னு."

போனில் பார்க்கலாம், நானே எடுத்துத் தருகிறேன் என்றேன். போனில் ஓடினாலும் ஓடுவது அதுதானே என்று சொல்லி மறுத்துவிட்டாள். வழக்கத்தை மீறும் எண்ணம் அவளுக்கு இல்லை. அவர் சொன்னது சரியா என்பது மட்டும் தெரியவேண்டும். யாராவது வாய்தவறிச் சொல்வார்கள் என்று பார்த்தாள். வந்தவர்கள் ஒருவர் பாக்கியில்லாமல் கர்த்தரின் சித்தத்தைப் பற்றியே பேசிவிட்டுப் போனார்கள். இருபத்தாறாம் நாள் தொடர் முடிந்தது. அன்றும் சுவருக்கு அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை.

முப்பதாம் நாள் காலையில் பூசை, மதியம் சாப்பாடு. சாயங்காலம் ஆட்கள் கலைந்த பிறகு அக்காவும் ஞானசௌந்தரியும் குசினியில் அண்டாக்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். நான் துடைத்து அடுக்கிக்கொண்டிருந்தேன். அக்கா தலை நிமிராமல் கேட்டாள்.

"ஏளா, அவன் வந்தானா?"

எவன் என்று ஞானசௌந்தரி கேட்கவில்லை. அவள்தானே அந்த வாக்குக்குச் சாட்சி.

"மைனி, கல்யாண வீட்ட காட்டுனான். தேன்மதி மணவறைல இருக்கா. வாசல்ல ஒரு ஆளு வந்து நிக்கான். காலு மட்டுந்தான் தெரியுது. இவ எந்திரிச்சா. அழுதா. என்னமோ சொன்னா. அத்தோட சுபம்னு போட்டுட்டான்."

"என்ன சொன்னா?"

"தெரியாது மைனி."

"பாத்தேங்கிற, தெரியாதுங்கிற?"

"சத்தமே வைக்கலையே. இருபத்தாறு நாளும் வாயசைக்கதத்தான் பாத்தேன். நீங்க இங்கன துக்கத்துல இருக்கையில நான் அங்கன சத்தம் வச்சா நல்லாவா இருக்கும்?"

அக்கா கையிலிருந்த தேங்காய் நாரைக் கீழே வைத்தாள். "எதிர்வீட்டுக்காரி?"

"அவளும் வைக்கல. தெருவுல ஒருத்தரும் வைக்கல."

அக்காவுக்குச் சிரிப்பு வந்தது. ஞானசௌந்தரி பயந்துபோய் என்னைப் பார்த்தாள்.

"அந்தக் கால்ல என்ன போட்டிருந்தான்?" என்று அக்கா கேட்டாள்.

"ஷூ. கருப்பு ஷூ. பளபளன்னு."

"கடல்ல போயி ஆறு வருசம் கழிச்சு வாரவனுக்கு எங்க இருந்து ஷூ? அவன் போலீஸ்காரனா இருப்பான்."

"இல்ல மைனி, அவ அழுத அழுகை புருசனப் பாத்த அழுகைதான்."

"அவ போஸ்ட்மேனப் பாத்தாலும் அழுவா."

இப்படியே கால் மணி நேரம் போனது. ஷூவின் மேல் மணல் இருந்ததா, மணவறையில் இருந்த ஆசிரியரின் முகம் எப்படிப் போனது என்றெல்லாம் அக்கா விசாரித்தாள். ஒன்றும் தீரவில்லை. நான் போனை எடுத்தேன். கடைசிப் பகுதி இரண்டு நிமிடத்தில் கிடைத்துவிடும், சத்தத்தோடு கேட்டுக்கொள்ளலாம் என்றேன். பூசையும் முடிந்துவிட்டது, இனிமேல் தடை ஒன்றும் இல்லை.

அக்கா என் கையிலிருந்த போனைப் பார்த்தாள்.

"வேண்டாம், உள்ள வை. அவரு எதப் பாத்துட்டுச் சொன்னாரு? காதால கேட்டதுதான. நானும் கேட்டதோட நிறுத்திக்கிடுதேன்."

அண்டாவைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள்.

"ஏளா ஞானசௌந்தரி, நீ சாட்சி. வந்தவன் எழிலரசன்தான். அவரு சொன்னது சரி."

ஞானசௌந்தரி தலையாட்டினாள். அக்கா அடுத்த அண்டாவை இழுத்தாள்.

"ஆனா வந்திருக்கக் கூடாது," என்றாள். "அந்த வாத்தியாரு பாவம்."